ஓ பேர் வேலைக்கு ஜெர்மனி போகிறீர்களா? காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் இந்த வார்த்தையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. "ஓ பேர்" என்றால் "எம்பேரா?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்ன பிறகு எதிர்வீட்டு அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னாம்மா, கொயந்த பாத்துக்குற வேலைக்கா ஏரோப்ளேன் ஏறிப் போற? அத்த இங்கயே அண்ணா நகர்ல பாக்கலாமே."

கேள்வி நியாயமானதுதான். ஓ பேர் என்பது பிரெஞ்சு வார்த்தை, சரிசமமாக என்று பொருள். ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்வது. தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், அதைச் சம்பளம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். நான் போய்விட்டுத் திரும்பி வந்து சில மாதங்கள் ஆகின்றன. வடசென்னையில் காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் (இரண்டு பையன்களும்; பையன்களும் போகலாம்) விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது ஜெர்மனி மட்டும்தான். வேறு நாட்டுக்கு விதிகள் வேறு.

முதலில் வயசும் மொழியும்

18 வயது முடிந்திருக்க வேண்டும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் ஏ1 என்கிற ஆரம்ப நிலைத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. பலர் பயப்படுவது எழுதுவதற்கு, கவிழ்வது கேட்பதில். தினமும் அரைமணி நேரம் காதில் ஜெர்மன் ஓடட்டும், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்துத் தேர்வும் நடத்துகிற கோதே நிலையம் இருக்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு அது ஒரு காலத்தில் வேறு உலகம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு அப்படி இல்லை. காலடிப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கி நடந்துவிடலாம். போகும்போது பத்து வார்த்தை, வரும்போது பத்து வார்த்தை என்று நான் படித்தது முக்கால்வாசி அந்த வண்டியில்தான். வகுப்புக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் வெளியே படித்துவிட்டுத் தேர்வை மட்டும் அங்கே போய் எழுதலாம். ஆனால் ஏ1 சான்றிதழ் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிடாதீர்கள். ஏ1 படித்தவர் கடையில் ரொட்டி வாங்கலாம், மூன்று வயதுக் குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

குடும்பம் தேடுவது

இணையத்தில் இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன, ஏஜென்சிகளும் இருக்கின்றன. பாரிமுனையில் ஒரு மாடிப்படி ஏறி நானும் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். "குடும்பம் ரெடியா இருக்கு, எண்பதாயிரம் கட்டினா அடுத்த மாசம் ஃப்ளைட்" என்றார்கள். குடும்பத்தோடு ஒரு தடவை வீடியோவில் பேச வேண்டும் என்றதும் பேச்சு மாறியது. அந்தப் படியை அப்படியே இறங்கிவிட்டேன். குடும்பத்தின் முகத்தைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம் இங்கே நிறைய பேருக்குத் தெரிவதில்லை. ஜெர்மனியில் இருக்கும் நம் ஊர்க் குடும்பத்துக்கே ஓ பேராகப் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். நடக்காது. அந்த வீட்டில் பேசுவது ஜெர்மனாக இருக்க வேண்டும், ஜெர்மன் அவர்களுக்குத் தாய்மொழியாக இல்லாவிட்டால் அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து ஓ பேர் வரக் கூடாது. சொந்தக்காரர் வீட்டுக்கும் இப்படிப் போக முடியாது.

வீடியோவில் பேசும்போது குழந்தைகளைக் காட்டச் சொல்லுங்கள், அறையைக் காட்டச் சொல்லுங்கள். அறை குறைந்தது 8 சதுர மீட்டர், ஜன்னல் இருக்க வேண்டும், ஹீட்டர் இருக்க வேண்டும். இதெல்லாம் விதியிலேயே இருக்கிறது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்த வீட்டில் ஏற்கெனவே ஓ பேர் இருந்திருந்தால் அவளோடு பேசவேண்டும் என்று கேளுங்கள். அவள் நம்பரைக் கொடுக்கத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் ஜார்ஜியாக்காரி, "நல்லவங்க, ஆனா நேரம் மறந்துபோயிடுவாங்க" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். அது எவ்வளவு பெரிய வரி என்று நவம்பரில்தான் புரிந்தது.

விசாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், ஏ1 சான்றிதழ், காப்பீட்டுத் தாள், ஏன் போகிறேன் என்று ஒரு பக்கக் கடிதம், கட்டணம் 75 யூரோவுக்கு நிகரான ரூபாய். அந்தக் கடிதத்தை யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள், அதிலிருந்துதான் கேள்வி கேட்பார்கள். எளிய ஜெர்மனில் "குழந்தை அழுதால் என்ன செய்வாய்?" என்பது மாதிரி. விமானச் செலவு நம்முடையது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துதான் எனக்கு டிக்கெட் போட்டாள்.

பெட்டியில் என்ன போகலாம்

நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எதுவும் கூடாது. வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. கறிவேப்பிலையும் கூடாது, செடிகொடி என்றால் அதற்கென்று தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ஆனால் கருவாடு கொண்டுபோகலாம்! மீன் வகைக்கு 20 கிலோ வரை விட்டுவிடுகிறார்கள். காசிமேட்டுக்காரர்கள் சந்தோஷப்படலாம்.

கொண்டுபோகலாம் என்பதால் வறுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். போன மூன்றாவது வாரம், வீட்டில் யாரும் இல்லை என்று நெத்திலிக் கருவாட்டை நாலு எடுத்துச் சட்டியில் போட்டேன். அந்த ஊர் வீடுகளில் கூரையில் வட்டமாக ஒரு புகை அலாரம் ஒட்டியிருக்கும். அது அலறிய அலறலில் அடுத்த வீட்டுப் பாட்டி செருப்போடு ஓடிவந்துவிட்டார். குழந்தைகளின் அப்பா வந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார், வெளியே மூன்று டிகிரி. திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மிச்சக் கருவாட்டை மூன்று கவர் போட்டுச் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

குளிர் உடையை இங்கே வாங்க வேண்டாம். உள்ளே போடுகிற தெர்மல் இரண்டு ஜோடி எம்.சி. ரோட்டில் வாங்கினால் போதும். கோட், பூட்ஸ் அங்கே பழைய துணிக் கடைகளில் நன்றாகவே கிடைக்கும்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். அந்தப் பதிவுத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து எல்லாமே இழுக்கும். விசாவில் முடியும் தேதியைப் பாருங்கள். முழு வருடத்துக்கும் கொடுக்காமல் சில மாதத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி வாங்க உடனே நேரம் கேட்டுவிடுங்கள். நேரம் கிடைப்பது நம் ஊர் தட்கல் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. குப்பை நாலு ரகம், எந்த நாள் எந்தத் தொட்டி என்று சமையலறையில் காலண்டர் தொங்கும். பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட். அவசரத்துக்கு 112, போலீசுக்கு 110.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது கூப்பிடுவதுதான். குழந்தைகளின் அம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம், வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வாயே வரவில்லை. ஒரு மாதம் எதுவும் கூப்பிடாமலே சமாளித்தேன், கிட்டே போய் நின்று இருமுவது மாதிரி.

நோட்டு

இனி சொல்லப்போவதை மட்டுமாவது ஒழுங்காகப் படியுங்கள்.

என் அம்மா இருபது வருடமாகச் சௌகார்பேட்டையில் வீட்டு வேலை செய்கிறாள். நான் கிளம்பும்போது அவள் சொன்னது இதுதான்: "மொத நாள் எத செய்யுறியோ, அத கடைசி வரைக்கும் செய்யணும். பாத்து செய்யி." நான் சிரித்தேன். அம்மா, அது வேலைக்காரி வேலை இல்லை, விதியெல்லாம் இருக்கிறது என்றேன்.

விதி இருக்கத்தான் செய்கிறது. ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவில் குழந்தை தூங்கும்போது காவலுக்கு உட்கார்ந்திருப்பதும் கணக்குதான். வாரம் ஒன்றரை நாள் விடுமுறை, நாலு மாலை நமக்குச் சொந்தம், மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுசாக. வருடத்துக்கு நாலு வாரம் லீவு. மாதம் 280 யூரோ கைச்செலவு, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ குடும்பம் தர வேண்டும், காப்பீடு அவர்கள் செலவு. குழந்தையின் துணி துவைப்பது, அவர்களுக்குச் சாப்பாடு எடுத்துவைப்பது, சின்னச் சின்ன வீட்டு வேலை, இதெல்லாம் நம் வேலை. வீடு முழுக்கத் துடைப்பதும் வயதானவர்களைப் பராமரிப்பதும் இல்லை.

ஆனால் விதி தாளில் இருக்கும், நாள் சமையலறையில் நடக்கும். முதல் வாரம் நல்ல பேர் எடுக்கவேண்டும் என்று இரவுச் சாப்பாட்டுப் பாத்திரத்தையெல்லாம் நானே கழுவி அடுக்கினேன். இரண்டாவது வாரம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, இது எனக்குப் பிடித்த வேலை என்று நினைத்துவிட்டார்கள். என் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, "நோட்டுப் போடு" என்றாள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவள் நோட்டில்தான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு புதன்கிழமைப் பக்கம் இப்படி: காலை 7 முதல் 8.30, மதியம் 3 முதல் 7.15. கூட்டினால் ஐந்தே முக்கால் மணி. சரிதானே, ஆறுக்குள்தான் இருக்கிறது. இப்படி ஐந்து நாள் போட்டால் இருபத்தெட்டே முக்கால். சனிக்கிழமை இரவு அவர்கள் வெளியே போகிறார்கள், நான் நாலு மணி நேரம் குழந்தைகளோடு. முப்பத்திரண்டே முக்கால். ஒவ்வொரு நாளும் சரியாக இருந்தும் வாரம் தாண்டிவிட்டது. நவம்பரில் நாலு வாரமும் இப்படியே.

எப்படிக் கேட்பது? கோபமாக இருக்கும்போது கேட்காதீர்கள், வாசலில் நின்றும் கேட்காதீர்கள். "ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிஷம் பேசலாமா" என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். நோட்டை மேசைமேல் வையுங்கள், படிக்கட்டும். அந்த அம்மா விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. அடுத்த வெள்ளி மதியம் முழுக்க லீவு கொடுத்து, அதன்பிறகு குளிர்பதனப் பெட்டிமேல் வாரத் திட்டம் ஒட்ட ஆரம்பித்தார். எல்லாக் குடும்பமும் இப்படி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்துவிட்டு "நம்பிக்கை இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இரண்டு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு குடும்பத்துக்கு மாறிவிட்டாள். மாறலாம், நாடு திரும்பத்தான் வேண்டும் என்று இல்லை. ஆனால் புதுக் குடும்பம் கிடைத்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

காலையில் பிள்ளைகளை எழுப்பி, ரொட்டி டப்பாவில் வெள்ளரியும் சீஸும் வைத்து, உடுத்திவிட்டு, கிட்டா என்கிற பாலர் பள்ளியில் விட வேண்டும். உடுத்துவது என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். மழை என்றால் மாட்ச்ஹோசே போட வேண்டும், ரப்பரில் தைத்த சேற்றுக் கால்சட்டை, தோளில் பட்டை, பாதத்துக்கு அடியில் போகிற எலாஸ்டிக். முதலில் பூட்ஸ் போட்டுவிட்டால் கால்சட்டை ஏறாது. கால்சட்டையை முதலில் போட்டால் எலாஸ்டிக் பூட்ஸுக்கு வெளியே வர வேண்டும். எல்லாம் மாட்டி முடித்ததும் சின்னவள் ஒன்றுக்கு வருகிறது என்பாள். தினமும். கடைசியில், கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கழிவறைக்கு அனுப்பிவிட்டுத்தான் கால்சட்டையைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன். நம் ஊரில் மழை என்றால் பள்ளிக்கு லீவு விடுவார்களா என்று டிவி பார்ப்போம், அங்கே மழை என்றால் குழந்தையை வெளியே விளையாட விடுகிறார்கள்.

காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை நம் நேரம். மொழி வகுப்பை அதற்குள் வையுங்கள். வீட்டுக்குப் போன் பண்ணவும் அதுதான் நல்ல நேரம். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்கே பத்து மணி என்றால் இங்கே அம்மா வேலை முடித்துச் சோறு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசலாம் என்று பார்த்தால் இங்கே நடுராத்திரி, அவள் விடியற்காலை தண்ணீர் பிடிக்க எழுந்திருக்க வேண்டும்.

டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். அப்போது வரும் அழுகைக்கு வீட்டு ஞாபகம் மட்டும் காரணம் இல்லை, வெயில் இல்லாததும்தான். தினமும் மதியம் அரைமணி நேரம் வெளியே நடங்கள். ஹம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. நான் இருந்தது ஹனோவர் பக்கம், ஒரு ஞாயிறு ரயில் மாறி மாறிப் போய்வந்தேன். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகிற மாதச் சீட்டு நான் இருந்தபோது 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. திரும்பும் வழியில் ஒரு ஈழத்தமிழர் கடையில் கறிவேப்பிலை எடுத்தேன். "பிள்ளை எவடம்?" என்றார் கடைக்கார ஐயா. சென்னை என்றேன். கூட இன்னொரு கட்டு உள்ளே போட்டு, "இதுக்குக் காசு வேண்டாம்" என்றார். ரயிலில் அந்தப் பையை முகர்ந்துகொண்டே வந்தேன்.

பணம்: ஒரு யூரோ நூறு ரூபாய்ச் சுமார் என்று வைத்தால் 280 யூரோ பெரிய தொகையாகத் தெரியும். அங்கே செலவழிக்கும்போது தெரியாது. குழுக் கடனை அடைக்க மாதம் 80 யூரோ அனுப்பினேன், அதற்கு மேல் முடியவில்லை.

அடுத்தது என்ன

ஓ பேர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைதான். நீட்டிக்க முடியாது, ஜெர்மனியில் இரண்டாவது தடவை ஓ பேராகவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டே நான் ஒன்பதாவது மாதம் வரை "பார்க்கலாம்" என்று இருந்துவிட்டேன். நோட்டில் மணிக்கணக்கு எழுதினேன், மாதக்கணக்கு எழுதவில்லை. நாலாவது மாதமே உட்கார்ந்து யோசியுங்கள்.

என்னென்ன வழி? தன்னார்வச் சேவை வருடம் ஒன்று இருக்கிறது: மருத்துவமனை, முதியோர் இல்லம், கிட்டா போன்ற இடங்களில் வேலை, கைச்செலவுப் பணம், சில இடத்தில் தங்குமிடம். முடிவெடுக்க இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்பவர்களுக்கு நல்லது, ஆனால் அதுவும் முடிந்துவிடும்.

அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிதான் நம் மாதிரி வீடுகளுக்குச் சரிப்படும் என்பது என் கருத்து. கட்டணம் கட்டுவது போய் அவர்களே மாதாமாதம் பணம் தருகிறார்கள். செவிலியர் பயிற்சி மூன்று வருடம், பொதுத்துறை மருத்துவமனைகளில் முதல் வருடமே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல், பிடித்தம் போகத்தான் கையில் வரும். மொழி பி1 (ஏ1, ஏ2 தாண்டி வரும் நிலை) குறைந்தபட்சம், செவிலியருக்குப் பல இடத்தில் அதற்கும் மேலே பி2 கேட்கிறார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும், இடங்கள் பல மாதம் முன்னாலேயே நிரம்பிவிடும். பன்னிரண்டாவது சான்றிதழை மொழிபெயர்த்து, அதற்கு மதிப்பீடு வாங்க வேண்டும், அதற்கும் வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் நாலாவது மாதம் என்கிறேன்.

பல்கலைக்கழகம் என்றால் பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நேரடியாகச் சேர முடியாது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புத் தாள்களைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். டிகிரி இருப்பவர்கள், அங்கே போய் வேலை தேடுவதற்காக 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டையைப் பற்றியும் படித்துப் பாருங்கள்.

எதுவானாலும் கையில் இருக்கும் அனுமதி முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் வம்பு. எனக்குப் பி1 கிடைத்தபோது பயிற்சி இடம் கிடைக்கவில்லை, கிடைக்கும்போல இருந்தபோது தேதி முடிந்துவிட்டது. ஊருக்கு வந்து, இங்கிருந்தே விண்ணப்பித்து, இப்போது ஒரு மருத்துவமனையிலிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. பி2 தேர்வு பாக்கி. மறுபடியும் அதே மெட்ரோ, அதே பத்து வார்த்தை.

திரும்பி வருவதாக இருந்தால் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் கடைசி மாதப் பணம் வந்துவிட்டதா என்று பாருங்கள், முகவரிப் பதிவை நீக்குங்கள், குடும்பத்திடம் கையெழுத்தோடு ஒரு சான்றுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை குழந்தை, என்ன வயது, வாரம் எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்கட்டும். எனக்கு அந்த அம்மா கடைசி ராத்திரிதான் எழுதிக் கொடுத்தார், "வாரம் எத்தனை மணி என்று போடட்டும்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவரே அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார்.